ஹாலிஃபாக்ஸிலிருந்து வான்கூவர் வரை: ஃபைனான்ஸ் வேலை தேடி ஊர் ஊராக

திங்கள், ஹாலிஃபாக்ஸ்

கனடாவில் ஃபைனான்ஸ் வேலை என்றால் டொராண்டோ, அதை விட்டால் மறுபடியும் டொராண்டோ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஸ்கார்பரோவில் குடியிருக்கும் எனக்கு அது வசதியான பேச்சுதான். ஆனால் அங்கே ஒரு அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் நமக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. மிசிசாகாவில் பார்த்துக்கொண்டிருந்த ஃபண்ட் அக்கவுண்டிங் காண்ட்ராக்ட் மார்ச்சோடு முடிந்தது. அடுத்த வேலையைத் தேடுவதற்கு முன்னால், எந்த ஊரில் இந்தத் துறை எதை வைத்துப் பிழைக்கிறது என்று நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். கிழக்கே ஆரம்பித்து மேற்கே போகிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஓரிருவரிடம் லிங்க்ட்இன்னில் பேசி, இருபது நிமிடம் காபிக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனால் கேட்டால் பெரும்பாலும் வருகிறார்கள், இந்த நாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம் இது.

முதலில் ஏன் ஹாலிஃபாக்ஸ்? கனடாவின் பெரிய வங்கிகளில் இரண்டு பிறந்த ஊர் இது. ஸ்கோஷியா வங்கி 1832-ல் இங்கேதான் தொடங்கியது. இன்றைய ஆர்பிசி, அதாவது ராயல் வங்கி, 1864-ல் மெர்ச்சன்ட்ஸ் பேங்க் என்ற பெயரில் இந்தத் துறைமுகத்தை ஒட்டித்தான் ஆரம்பித்தது. இரண்டும் எப்போதோ மேற்கே நகர்ந்துவிட்டன. அதற்கு அப்புறம் இந்த ஊர் பிடித்துக்கொண்டது ஃபண்ட் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது முதலீட்டு ஃபண்டுகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் வேலை. நோவா ஸ்கோஷியா அரசு, ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்குச் சம்பளச் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து ஹெட்ஜ் ஃபண்ட் கணக்கு வேலைகளை இங்கே வரவழைத்தது. சிட்கோ மாதிரி உலகம் முழுக்க ஃபண்ட் கணக்கு பார்க்கும் நிறுவனம் இங்கே அலுவலகம் வைத்திருக்கிறது. சென்னை ஓஎம்ஆரில் என்ஏவி, அதாவது ஃபண்டின் நிகர மதிப்பு, போட்டுக் கண் எரிந்தவர்கள் நம்மில் எவ்வளவு பேர்! அதே வேலைதான், இரண்டு பக்கக் கணக்கை ஒத்துப்பார்க்கும் அதே ரெக்கன்சிலியேஷன்தான். ஆனால் அந்த அனுபவத்துக்கு இங்கே நல்ல மதிப்பு இருக்கிறது என்பதை ஸ்கார்பரோவில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஹாலிஸ் தெருவில் ஒரு காபிக் கடையில் சந்தித்த, ஃபண்ட் கணக்கு நிறுவன மேலாளர் அம்மா விசிட்டிங் கார்டைக் கூடப் பார்க்கவில்லை. டிஷ்யூ பேப்பரை எடுத்து எழுதினார். ஃபண்டின் பங்குகளை வைத்திருக்கும் பிரைம் புரோக்கரின் ஸ்டேட்மென்ட்டில் 10,500 பங்கு, நம் புத்தகத்தில் 10,000. மாதக் கடைசி. முதலில் எங்கே பார்ப்பாய்? ட்ரேடு விட்டுப்போயிருக்கலாம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் சரியாக 5 சதவீத வித்தியாசம் என்றால் முதலில் ஸ்டாக் டிவிடெண்ட் (பணத்துக்குப் பதில் பங்காகத் தருவது) வந்திருக்கிறதா, எக்ஸ் டேட் (அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) என்ன என்று பார்க்க வேண்டும். எக்ஸ் டேட் இந்த மாதத்துக்குள் விழுந்திருந்தால் அந்த 500 பங்கு கையில் வராவிட்டாலும் இந்த மாத என்ஏவியில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் விலை இறங்கியது மட்டும் கணக்கில் வந்து ஃபண்ட் நஷ்டம் கண்டதுபோல் தெரியும். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு அடுத்தது கேட்டார்: ஹை வாட்டர் மார்க், அதாவது ஃபண்ட் இதுவரை தொட்ட உச்ச மதிப்பு, அதை வைத்து லாபத்தில் எடுக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஃபீ போடத் தெரியுமா, முதலீட்டாளர்கள் வேறு வேறு தேதியில் உள்ளே வந்திருந்தால்? அதுவும் பேசினோம். இருபது நிமிடம் என்று ஆரம்பித்தது ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

நியூயார்க் சந்தை நான்கு மணிக்கு மூடும்போது இங்கே மணி ஐந்து. அதனால் மாத முதல் பாதியில் ராத்திரி வேலை அதிகம், அதை அவர் மறைக்கவில்லை. வாடகை டொராண்டோ அளவுக்கு இல்லை என்றாலும் முன்பு மாதிரி மலிவும் இல்லையாம். இரண்டு மூன்று வருடம் இங்கே இருந்துவிட்டு லக்ஸம்பர்க்குக்கோ கேமன் தீவுக்கோ போனவர்கள் நிறைய என்றார்.

செவ்வாய், மாண்ட்ரியல்

காலை விமானம். ஸ்குவேர் விக்டோரியா மெட்ரோ நிலையத்தில் ஒரு வாசல் பாரீஸ் மெட்ரோவில் இருந்தது, 1967-ல் பாரீஸ் கொடுத்தது. பச்சை இரும்பில் கொடிபோல வளைந்து நிற்கிறது. அதைத் தாண்டி இரண்டு நிமிடம் நடந்தால் ழாக் பாரிசோ கட்டடம், கியூபெக்கின் கெஸ் த டெப்போ இருக்கும் இடம். இப்போது தன்னை லா கெஸ் என்று சுருக்கி அழைத்துக்கொள்கிறது.

1965-ல் கியூபெக் மக்களின் ஓய்வூதியப் பணத்தை வேறு யார் கையிலும் கொடுக்காமல் தாங்களே முதலீடு செய்வதற்காக உண்டாக்கினார்கள். 2024 முடிவில் 47,300 கோடி டாலர் அதன் பொறுப்பில் இருந்தது. மத்தியானம் வேண்டுமென்றே பிரொசார் வரைக்கும் ஆர்இஎம் ரயிலில் போய்த் திரும்பினேன். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் இந்த ரயிலைக் கட்டியதே அந்த ஓய்வூதிய நிதிதான். முன் கண்ணாடி பக்கம் நின்றுகொண்டு பாலத்தைத் தாண்டும்போது, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் முதலீட்டு வேலை என்றால் என்ன என்பது ஒரு புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாகப் புரிந்தது. பயணிகள் எண்ணிக்கை கணிப்பு, கட்டுமானச் செலவு, முப்பது நாற்பது வருட வருமானம், இதையெல்லாம் எக்செல்லில் கட்டி எழுப்புகிற ஒருவர் இருக்கிறார் இல்லையா, அந்த வேலைக்கு ஆட்கள் டொராண்டோவிலும் இங்கேயும்தான் அதிகம் எடுக்கப்படுகிறார்கள். மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தைப் பார்க்கும் பிஎஸ்பி இன்வெஸ்ட்மென்ட்ஸின் முதலீட்டுக் குழுவும் பெரும்பாலும் இந்த ஊரில்தான். டெரிவேட்டிவ்ஸ் (வேறொன்றின் விலையை வைத்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) பக்கம் ஆர்வம் இருந்தால் கனடாவின் டெரிவேட்டிவ்ஸ் சந்தை மாண்ட்ரியல் எக்ஸ்சேஞ்ச்தான், கனடா அரசுப் பத்திர ஃப்யூச்சர்ஸ் எல்லாம் இங்கேதான் நடக்கிறது. மார்கன் ஸ்டான்லி பெரிய தொழில்நுட்ப மையம் வைத்திருக்கிறது. கோடிங்கும் கணக்கும் சேர்ந்து தெரிந்தவர்கள் இந்த ஊரைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

சரி, பிரெஞ்சு. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா வீட்டில் சாப்பாடு. இங்கே ஒரு வங்கியில் ரிஸ்க் பிரிவில் பல வருடமாக இருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, பிரெஞ்சு இல்லாமலும் உள்ளுக்குப் போகலாம். ஆனா அதுக்குப் பிறகு மேல ஏறேலாது. மீட்டிங்கில எல்லாரும் பகிடி விட்டுச் சிரிக்கேக்க நீங்கள் மட்டும் பேசாமல் இருப்பீங்கள்." 1977-ல் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்ததற்கு அடுத்த வருடம் சன் லைஃப் இன்சூரன்ஸ் தன் தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றிக்கொண்டதை அவர் ஞாபகப்படுத்தினார். 2022-ல் வந்த 96-ஆம் சட்டம் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது, 2025 ஜூனிலிருந்து 25 பேர் வேலை பார்க்கும் நிறுவனம்கூடப் பிரெஞ்சு மயமாக்கலில் பதிவு செய்ய வேண்டும். அவருடைய பிள்ளைகள் மூன்று மொழியிலும் வெளுத்துக்கட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர் தங்கச் சுரங்கம். எனக்கு இரண்டு வருடப் படிப்பு தேவை. கியூபெக் அரசு புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு இலவசமாக நடத்துகிறது. இங்கே குடியேறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே சேர்ந்துவிட வேண்டும் என்பது அந்த அண்ணாவின் அறிவுரை, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

புதன், ரயிலில்

மாண்ட்ரியலிலிருந்து டொராண்டோ ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல். கிங்ஸ்டன் தாண்டி ஏரி தெரிகிறது. லைசென்ஸ் விஷயம் பலரும் தனியாகக் கேட்டதால் அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

கனடாவில் பங்குச் சந்தைக்கு நாடு முழுவதற்கும் ஒரே கண்காணிப்பு அமைப்பு கிடையாது. பத்து மாகாணம், மூன்று பிரதேசம், ஆக 13 அமைப்புகள். ஒரே அமைப்பாக ஆக்க மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் ஒன்டாரியோவில் பதிவு செய்தவர் ஆல்பர்ட்டா வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்ல வேண்டுமானால் அங்கேயும் பதிவு வேண்டும். டீலர் நிறுவனங்களை மேற்பார்க்கும் சிரோ 2023 ஜனவரி 1-ல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து வந்தது. இங்கே ஒரு முக்கியமான மாற்றம்: வருடக்கணக்காக எல்லாரும் எழுதிய கனடியன் செக்யூரிட்டிஸ் கோர்ஸை அடிப்படையாக வைத்த முறை போய், 2026 ஜனவரியிலிருந்து சிரோவின் சொந்தத் தேர்வுகள் வந்துவிட்டன. பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள், சிரோவின் தளத்தில் எந்த வேலைக்கு எந்தத் தேர்வு என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இன்னொன்று, தேர்வில் தேறினால் லைசென்ஸ் கையில் வந்துவிடாது. ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்து, அவர்கள்தான் பதிவுக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவர் பணத்தை முழுப் பொறுப்போடு நிர்வகிக்கும் அட்வைசிங் ரெப்ரசென்டேட்டிவ் ஆவதற்கு சிஎஃப்ஏ பட்டமும் 12 மாத முதலீட்டு நிர்வாக அனுபவமும் கேட்கிறார்கள், சிஐஎம் என்கிற இன்னொரு முதலீட்டுப் பட்டம் வழியாகப் போனால் 48 மாதம். சிஎஃப்ஏ பட்டத்துக்கே மூன்று நிலைத் தேர்வோடு 4,000 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். அந்த அனுபவம் இந்தியாவில் பார்த்ததாகவும் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும்போதே சிஎஃப்ஏ ஆரம்பித்துவிடுங்கள் என்று என் தம்பி வயதுப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வியாழன், டொராண்டோ

சொந்த ஊரில் டூரிஸ்ட் மாதிரி நடந்தேன். யூனியன் ஸ்டேஷனில் இறங்கி பாத் என்கிற சுரங்க நடைபாதைக்குள் புகுந்தால் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும். மழையோ பனியோ தலையில் படாமல் எல்லா வங்கிக் கோபுரத்துக்கும் போய்விடலாம். டிடியின் கறுப்புக் கோபுரங்கள், ஆர்பிசியின் தங்கப் பூச்சுக் கண்ணாடி, 72 மாடியில் பிஎம்ஓவின் ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ். எட்டரை மணிக்கு அந்தக் கூட்டத்தில் நடந்து பாருங்கள், இந்த நாட்டின் பணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும். ஓய்வூதிய நிதிகளில் பெரியதான சிபிபி இன்வெஸ்ட்மென்ட்ஸும் இங்கேதான், 2025 மார்ச் முடிவில் 71,400 கோடி டாலர். ஆசிரியர்கள் நிதி, நகராட்சி ஊழியர்களின் ஓமர்ஸ், மருத்துவமனை ஊழியர்களின் ஹூப், மானுலைஃப், சன் லைஃப், ப்ரூக்ஃபீல்டு, பங்குச் சந்தை, எல்லாம் இந்த ஒரே ஊருக்குள்.

வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அந்த வாய்ப்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பழைய அலுவலகத்து அக்கா ஒருவர் இப்போது ஒரு வங்கியில் ஏஎம்எல், அதாவது கறுப்புப் பணத் தடுப்புப் பிரிவில் இருக்கிறார். "எல்லாரும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், ஈக்விட்டி ரிசர்ச்னு நிக்கிறாங்கப்பா. அங்க வருஷத்துக்கு எத்தனை சீட் வரும்? எங்க பக்கம் வந்து பாரு, ஆள் இல்லாம தவிக்கிறோம்" என்றார். அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் டிடி வங்கி அமெரிக்காவில் கறுப்புப் பணத் தடுப்பில் தவறியதை ஒப்புக்கொண்டு 300 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கட்டியது. அதற்கு அப்புறம் எல்லா வங்கியிலும் இந்தப் பிரிவுக்குத் தனி கவனம். சந்தேகப்படும்படியான பரிவர்த்தனையைப் பிடித்து, இதைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஃபின்ட்ராக்குக்கு அறிக்கை எழுதுவது, அதன் பின்னால் உள்ள டேட்டாவைச் சல்லடை போடுவது, இதெல்லாம் நல்ல வேலை. இதைச் சின்ன வேலை என்று நினைப்பதை நாம் விட்டுவிட வேண்டும்.

கிளையில் ஆரம்பிக்கும் வழியும் இருக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம் கிளைகளில் தமிழ் தெரிந்த ஆலோசகருக்கு வாடிக்கையாளர்கள் தேடி வருகிறார்கள். மியூச்சுவல் ஃபண்ட் தேர்வு முடித்திருந்தால் உள்ளே போக வழி திறக்கும். ஆனால் ஒன்று, மாதத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்ற இலக்கு இருக்கும். அது ஒத்துவராதவர்கள், பின்னால் பெரிய வங்கிக் கோபுரங்கள் இருக்கும் பே ஸ்ட்ரீட் பக்கம் போகலாம் என்று கிளைக்குள் நுழைந்துவிட்டு அப்படியே நான்கு வருடம் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் வெளியிடும் விளம்பரத்தில் சம்பள வரம்பு இருக்க வேண்டும், அந்த வரம்பின் இடைவெளி 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. கனடா அனுபவம் தேவை என்று போடக் கூடாது. விண்ணப்பங்களை வடிகட்ட ஏஐ வைத்திருந்தால் சொல்ல வேண்டும். இன்டர்வியூ நடத்தினால் முடிவை 45 நாளுக்குள் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு நிறுவனம் என்னை மூன்று சுற்று வரவழைத்துவிட்டு ஒரு வார்த்தை பதில் போடவில்லை. எத்தனை பேர் இப்படிக் காத்திருந்து காத்திருந்து அடுத்த வேலையையும் விட்டிருப்பார்கள்! இந்தச் சட்டத்தைப் படித்துத் தெரிந்துவைத்துக்கொண்டு மரியாதையாகக் கேளுங்கள், கேட்பது நம் உரிமை.

ஞாயிறு, வின்னிபெக்

பகலில் இறங்கினேன், ஓரமாக அழுக்குப் பனி இன்னும் கிடக்கிறது. இந்தியாவிலிருந்து வரத் திட்டமிடும் சிலர் வேலை ஆஃபர் இருந்தால் பிஆர் புள்ளி கூடும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை ஆஃபருக்குக் கொடுத்த புள்ளிகளை 2025 மார்ச் 25-ல் எடுத்துவிட்டார்கள். புள்ளிக்காக என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேலைக் குறியீட்டையும் பார்த்து வையுங்கள். ஃபைனான்ஷியல் அண்ட் இன்வெஸ்ட்மென்ட் அனலிஸ்ட் 11101, ஆலோசகர்கள் 11102. அரசின் ஜாப் பேங்க் தளத்தில் இந்த எண்ணைப் போட்டு ஊர்வாரியாகத் தேடினால், எந்த ஊரில் எது என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

திங்கள், வின்னிபெக்

போர்ட்டேஜும் மெயினும் சந்திக்கும் முனையைக் காலால் கடந்தேன். பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 1979-லிருந்து இங்கே நடந்து கடக்க முடியாது, கான்கிரீட் தடுப்பு வைத்துச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். 2025 ஜூனில்தான் திறந்தார்கள். நாட்டின் தானிய வியாபாரம் ஒரு காலத்தில் இந்த முனையைச் சுற்றித்தான் நடந்தது. 1887-ல் தொடங்கிய தானியச் சந்தை இருந்த ஊர். ரிச்சர்ட்சன் குடும்பத்தின் கட்டடம் இன்றும் முனையில் நிற்கிறது.

இப்போது இந்த ஊரைத் தாங்குவது இன்சூரன்ஸும் மியூச்சுவல் ஃபண்டும். கனடா லைஃபின் தலைமையகம் இங்கே, ஐஜி வெல்த் 1926-ல் இங்கே பிறந்தது, வவனேசா இன்சூரன்ஸும் இங்கேதான். 2023 ஜனவரியில் ஐஎஃப்ஆர்எஸ் 17 என்ற புதிய கணக்கு முறை வந்ததிலிருந்து, இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தின் லாபத்தை வருடக்கணக்கில் பிரித்துக் காட்டத் தெரிந்த ஆட்களுக்கு இங்கே நல்ல கிராக்கி. இந்தியாவில் இன்சூரன்ஸ் கணக்கு பார்த்தவர்கள் டொராண்டோவில் வங்கி வேலைக்கு முட்டிக்கொண்டிருப்பதைவிட இந்த ஊருக்கு ஒரு கடிதம் போடலாம். வீடு வாங்கும் விலையில் இருக்கிறது. குளிர் கடுமை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆக்சுவரி (இன்சூரன்ஸ் ரிஸ்க் கணக்கு) படிக்கும் பையன் ஒருவன், மானிடோபா பல்கலைக்கழக மாணவன், படிப்பு முடிவதற்கு முன்பே வேலை வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

செவ்வாய், கால்கரி

காலையில் சினூக் என்கிற வெதுவெதுப்பான மலைக்காற்று அடித்துப் பனியைக் கரைத்துவிட்டது. நகர மையத்தில் சி-ட்ரெயின் இலவசம். தெருவுக்குப் பதினைந்து அடி மேலே கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடிப் பாலம், அதனால்தான் பிளஸ் 15 என்று பெயர். ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டும். டொராண்டோவில் 13 சதவீதம் கொடுத்துப் பழகியவன் டீக்கடை பில்லை இரண்டு தடவை பார்த்தேன்.

எண்ணெய் இல்லாமல் இந்த ஊரில் ஃபைனான்ஸ் இல்லை. ஜாயின்ட் வென்ச்சர் அக்கவுண்டிங் என்று ஒரு துறை இருப்பதே இங்கே வந்துதான் பலருக்குத் தெரிகிறது: ஒரு கிணற்றில் நான்கு கம்பெனிக்குப் பங்கு, செலவு ஒருவர் செய்து மற்றவர்களுக்கு பில் போடுவார், ராயல்டி மாகாண அரசுக்குப் போகும், மாதா மாதம் சண்டை சமாதானம். வேலைக்குச் சேர சிபிஏ என்கிற கணக்காளர் தகுதி இருந்தால் நல்லது, இல்லாமலும் கீழ்நிலையில் எடுக்கிறார்கள்.

புதன், கால்கரி

இந்தப் பயணத்தில் என்னை நிறுத்தி வைத்த நாள் இதுதான். ஒரு வங்கியின் எனர்ஜி கிரெடிட் குழுவைச் சேர்ந்தவர், கேரளத்துக்காரர், காபி என்று வந்துவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிட்டார். சின்ன எண்ணெய் கம்பெனிக்கு வங்கி எப்படிக் கடன் கொடுக்கிறது என்று காட்டினார். வீட்டுக் கடன் மாதிரி இல்லை. தரைக்கு அடியில் இருக்கும் எண்ணெய்தான் அடமானம். ஜிஎல்ஜே, மெக்டேனியல் மாதிரியான சுயேச்சை மதிப்பீட்டாளர்கள் கையிருப்பு அறிக்கை எழுதுகிறார்கள். அதற்கு என்ஐ 51-101 என்று தனி விதி. அதில் ஏற்கெனவே எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கும் கிணறுகளை, பிடிபி என்பார்கள், வங்கி பெரும்பாலும் முழுசாக எடுத்துக்கொள்ளும். இனிமேல் தோண்டப்போகும் கிணற்றுக்கு மதிப்பைக் குறைத்துவிடும். வங்கி தன் சொந்த விலைக் கணிப்பைப் போடும், சந்தையைவிடக் கொஞ்சம் கீழே. பத்து சதவீதம் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்பு எடுக்கும். அதில் ஒரு பங்குதான் கடன் வரம்பு. வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், மறுபடி மதிப்பிடுவார்கள். விலை விழுந்தால் வரம்பும் விழும், வாங்கியவர் வித்தியாசத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

"அமெரிக்க டபிள்யூடிஐ விலையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஹார்டிஸ்டியில் டபிள்யூசிஎஸ் எவ்வளவு தள்ளுபடியில் போகிறது என்பதுதான் என் காலை முதல் வேலை" என்றார். டபிள்யூடிஐ என்பது அமெரிக்க எண்ணெயின் அடிப்படை விலை, டபிள்யூசிஎஸ் என்பது ஆல்பர்ட்டாவின் ஹார்டிஸ்டியில் விலை போகும் கனமான கனடா எண்ணெய், அதற்கு எப்போதும் விலை குறைவு. 2024 மே 1-ல் டிரான்ஸ் மவுன்டன் விரிவாக்கக் குழாய் ஓட ஆரம்பித்த பிறகு பசிபிக் கடற்கரைக்கு வழி கிடைத்து அந்தத் தள்ளுபடி சுருங்கியது. எரிவாயுவுக்கு ஏகோ என்கிற ஆல்பர்ட்டா விலை தனி. இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் ஒரு துடிப்பு வந்துவிட்டது. கணக்கு, பொறியியல், அரசியல் மூன்றும் ஒரு எக்செல் தாளில் இருக்கிற வேலை இது, இப்படி ஒரு வேலை இருப்பதை ஸ்கார்பரோவில் உட்கார்ந்து எந்தத் தேடுபொறியும் எனக்குக் காட்டியிருக்காது. எண்ணெயில் முன் அனுபவம் இல்லையே என்றேன். என்ஏவி போட்டவனுக்கு எண்களைச் சந்தேகப்படத் தெரியும், மீதியைக் கற்றுக்கொடுக்கலாம் என்றார். கிளம்பும்போது ஜூனியர் அனலிஸ்ட் இடம் ஒன்று வரப்போகிறது, ரெஸ்யூமேவை இன்றே அனுப்பு என்றார். ஹோட்டலுக்கு வந்ததும் அனுப்பிவிட்டேன்.

வட்டாரத்தில் நடக்கும் மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். எட்மன்டனில் இருந்த கனேடியன் வெஸ்டர்ன் வங்கியை மாண்ட்ரியலின் நேஷனல் வங்கி 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது. ஏடிபி மாகாண அரசின் வங்கி, ஏய்ம்கோ மாகாணத்தின் முதலீட்டு நிறுவனம், இரண்டின் தலைமையும் எட்மன்டனில்தான். அங்கே போக நேரம் இல்லை.

வியாழன், வான்கூவர்

கிழக்கே பங்குச் சந்தை ஒன்பதரைக்குத் திறக்கும்போது இங்கே காலை ஆறரை. ஹௌ தெருவில் ஆறு மணிக்கே டை கட்டிக்கொண்டு ஆட்கள் காபி வாங்கிப் போகிறார்கள். பழைய வான்கூவர் பங்குச் சந்தைக் கட்டடம் இன்னும் இருக்கிறது. அந்தச் சந்தை 1999-ல் ஆல்பர்ட்டா சந்தையோடு இணைந்து, பின்னாளில் டிஎஸ்எக்ஸ் வென்ச்சர் ஆனது. ஆனால் சின்னச் சுரங்கக் கம்பெனிகளின் தலைநகரம் இன்னும் இந்த ஊர்தான்.

ஒரு சிஎஃப்ஓவை, அதாவது நிதித் தலைவரை, பார்த்தேன், ஒரே ஆள் பல கம்பெனிக்கு சிஎஃப்ஓ. அலுவலகம் இரண்டு அறை, சுவரெல்லாம் துளைக்கல் மாதிரிகள். இந்தக் கம்பெனிகளுக்கு வருமானம் கிடையாது, பூமிக்குள் ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கைதான் சொத்து. பணம் ஃப்ளோ த்ரூ பங்கு வழியாக வருகிறது: கம்பெனி தோண்டிய செலவை முதலீட்டாளர் தன் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் 15 சதவீத வரிச் சலுகை, சில முக்கியக் கனிமங்களுக்கு 30 சதவீதம். அந்தப் பணத்தைச் சொன்ன காலத்துக்குள் தோண்டுவதற்கே செலவழிக்காவிட்டால் பெரிய சிக்கல், அதைக் கண்காணிப்பதுதான் அவரிடம் இருக்கும் கணக்காளரின் முக்கிய வேலை. 1997-ல் ப்ரீ-எக்ஸ் தங்க மோசடி வெடித்த பிறகு வந்த என்ஐ 43-101 விதிப்படி, தகுதி பெற்ற நிபுணர் கையெழுத்தில்லாமல் கனிம மதிப்பீட்டை வெளியிட முடியாது. அந்த விதியைப் படித்துவிட்டு வருகிறவனை முதலில் எடுப்பேன் என்றார் அவர். இங்கேயும் விளம்பரத்தில் சம்பள வரம்பு போட வேண்டும், 2023 நவம்பரிலிருந்து சட்டம்.

வாடகைதான் பயமுறுத்துகிறது. எச்எஸ்பிசி கனடாவின் தலைமையகம் இந்த ஊரில் இருந்தது, 2024 மார்ச்சில் ஆர்பிசி வாங்கிவிட்டது. தலைமையக வேலைகள் ஒரு ஊரை விட்டு டொராண்டோவுக்குப் போவது வருத்தமான விஷயம், ஊருக்குள் வேலை தேடும் இளைஞர்கள் அந்த வலியைச் சொல்கிறார்கள்.

வெள்ளி, விக்டோரியா போகும் கப்பலில்

ட்சவாசனிலிருந்து ஒன்றரை மணி நேரம். பிரிட்டிஷ் கொலம்பியா அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் பிசிஐ தீவில்தான் இருக்கிறது. இந்த நாட்டின் பெரிய ஓய்வூதிய நிதிகளில் ஒன்று இப்படிச் சின்ன ஊரில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே ஒருவரைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்ப வேண்டும்.

கப்பலில் உட்கார்ந்ததும் கால்கரியிலிருந்து மின்னஞ்சல். ஒரு எக்செல் தாள் அனுப்பியிருக்கிறார்கள்: சில கிணறுகளின் உற்பத்தி, ஒரு விலை அட்டவணை, இயக்கச் செலவு. கடன் வரம்பு எவ்வளவு கொடுப்பாய், ஏன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், திங்கள் காலைக்குள். ஹாலிஃபாக்ஸ் அம்மாவும் விண்ணப்ப இணைப்பு அனுப்பியிருந்தார், அதையும் நேற்றே நிரப்பிவிட்டேன். என் மனம் கால்கரிப் பக்கம்தான். உற்பத்திச் சரிவு விகிதத்தை ஒரே அளவாக எடுத்துக்கொள்வதா, இல்லை முதல் வருடத்தில் வேகமாக விழுவதைக் காட்டுவதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதுதான் சரி என்று நினைக்கிறேன், வரம்பு கொஞ்சம் குறையும், ஆனால் வங்கிக்காரர் அதைத்தான் பார்ப்பார்.